இல்லாத கிளைக்குக் குனிந்த ஊர்

ஃபாதர் சூசைமரியான் இறந்த செய்தி வந்தபோது நான் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டிக்குக் காத்திருந்தேன். மதுரை குருக்கள் இல்லத்திலிருந்து இளம் குரு ஒருவர் பேசினார். "காலைப் பூசைக்கு எழுப்பப் போனோம் சார்" என்று மட்டும் சொன்னார். வந்த வண்டியில் ஏறாமல் நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது கோபம்தான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இந்த மனிதருக்கு என்ன அவசரம்?

அவருடைய நூல்களைப் படித்தவர்களும் வகுப்பில் இருந்தவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். இயேசு சபைத் துறவி, ரோமில் படித்தவர். அணைகளும் சாலைகளும் ஊர்களை என்ன செய்கின்றன என்று ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆராய்ந்து பெயர் பெற்றவர். கடைசியில் சொந்த மண்ணான ராயப்பன்பட்டிப் பக்கம் திரும்பி வந்து, உத்தமபாளையம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் என்னைத் துணைக்குப் பிடித்துக்கொண்டார்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்குக் கோமாளித்தனமாகத்தான் தெரிந்தது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். தோள் துண்டின் ஒரு முனையை அந்த ஊர்ப் பெண் ஒருவரிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் தினமும் போகும் வழியில் பின்னாலேயே நடப்பார். "கண்ணத் தொறந்து பாத்தா நாம கட்டப்போறதுதான் தெரியும், வாத்தியாரே" என்பார்.

அப்படித்தான் மலையடிவாரத்துக் காலனிக்குப் போனோம். பழைய ஊர் அணைத் தண்ணீருக்குள் போனபோது கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. இப்போது புறவழிச் சாலைக்காக அந்த மக்களை மறுபடியும் பெயர்த்து ஆண்டிபட்டிக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கத் திட்டம். பணம் தரும் வெளிநாட்டு அமைப்பு ஃபாதரின் கருத்தைக் கேட்டிருந்தது. அவர் கூடாது என்றால் சாலை வளைந்து போகும். சரி என்றால் காலனி இருக்காது.

திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் செல்லத்தாயி துண்டைப் பிடித்தார். அவர் வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் வெறும் பொட்டல். உச்சி வெயில். பொட்டலின் நடுவே செல்லத்தாயி தலையைத் தாழ்த்தி, இரண்டடி வைத்து, நிமிர்ந்தார். கண்ணை மூடியிருந்த ஃபாதரும் அதே இடத்தில் குனிந்தார். மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"ஏம்மா குனிஞ்ச?" என்று கேட்டேன்.

"நான் எங்க சார் குனிஞ்சேன்?"

பின்னால் குடத்தோடு வந்தவர்கள் எல்லோரும் அங்கே குனிந்தார்கள். காலனியிலேயே பிறந்து வளர்ந்த செல்லத்தாயியின் மகளும், கைபேசியைப் பார்த்தபடியே, குனிந்து போனாள்.

செல்லத்தாயியின் மாமனார்தான் சொன்னார். "பழைய ஊர்ல கெணத்துக்குப் போற வழியில ஒரு புளியங்கெள தாழக் கெடக்கும் சார். குனியலன்னா மண்ட ஒடையும். அந்த மரம் தண்ணிக்குள்ள போயி எம்புட்டு வருசமாச்சு!"

அடுத்த வாரம் சாலைத் திட்டத்தின் ஆலோசகர் வந்தார். வெறும் பொட்டலுக்கு இவ்வளவு பேச்சா என்று சிரித்தார். "ஒருதரம் நடந்து பாருங்க தம்பி" என்று ஃபாதர் துண்டை நீட்டினார். அவரும் விளையாட்டாகக் கண்ணை மூடிக்கொண்டு செல்லத்தாயியின் பின்னால் நடந்தார். பாதி வழியில் சட்டென்று குனிந்தார். நிமிர்ந்ததும், இலை உதிர்ந்து விழுந்ததைத் தட்டிவிடுவதுபோல, தலைமுடியைத் தட்டிவிட்டார். பிறகு கண்ணைத் திறந்து உள்ளங்கையைப் பார்த்தார். வாங்கி வைத்த டீயைக்கூடத் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"துண்டு இழுத்திருக்கும், ஃபாதர்" என்று வாதாடினேன்.

"இருக்கும். நீயும் நடந்து பாரேன்."

நான் நடக்கவில்லை. கால்வலி, வகுப்பு, மழை வரும்போல இருக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அடக்கத்துக்குக் காலனிக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். செல்லத்தாயி ஒரு பிடி மண் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சாமி எழுதி முடிச்சிட்டாகளா சார்?"

"இல்லம்மா."

"அப்ப நாங்க காலனிய விட்டும் போகணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறிக்கையை என்னையே முடித்துத் தரும்படி அந்த அமைப்பு கேட்டிருந்தது.

நேற்று மத்தியானம் காலனிக்குப் போனேன். நான் நீட்டிய துண்டின் முனையைச் செல்லத்தாயி வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. துண்டு தொய்வாகத்தான் இருந்தது. யாரும் என்னை இழுக்கவில்லை. பாதி வழியில் வெயில் நின்றது. முகத்தில் நிழல் விழுந்தது, குளிர்ந்த நிழல். குனிந்தேன். கண்ணைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து, காலனியை நகர்த்தக் கூடாது என்று எழுதி முடித்தேன். அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டேன். ஃபாதரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நிழல்தான். இதை எழுதும்போதும் பிடரியில் குளிர்கிறது.