மகளைச் சுமந்த ஐந்து கஜம்

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். பிரசவத்துக்காக நான் போயிருந்த அம்மா வீட்டிலிருந்து திரும்பி, சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்க முடியாமல் நின்றேன். ஒரு கையில் குழந்தை, மறு கையில் டிரங்குப் பெட்டி. என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள், ஊசி பாசி விற்கும் பெண் ஒருத்தி அடுத்த வாசலிலிருந்து குதித்தாள். ஒரு கையில் பாசிமணிக் கூடை, மறு கையில் தகரப் பானை. மார்போடு கட்டிய நைந்த துணிக்குள் ஒரு குழந்தை. குதித்த குலுக்கலில் அது கண்கூடத் திறக்கவில்லை. அவள் லேசாகக் குனிந்தாள். உதடு குழந்தையின் உச்சியைத் தொட்டது. நடந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் கையெழுத்துப் போட்டதில்லை, கைநாட்டுத்தான். நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள், குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பரீட்சையே எழுதித் தேறியவள். அந்தப் பெண்ணை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளிடம் இருந்தது எனக்கு வேண்டியிருந்தது. எட்டு நாளில் லீவு முடிகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பருத்திக் காட்டு வழியே இரண்டு மைல் நடக்க வேண்டும். நடுவில் ஓர் ஓடை, இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏற முடியும். மகளோ தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. தலைமையாசிரியர் முன்பே சொல்லியிருந்தார்: "பிள்ளையைக் கொண்டு வாங்க டீச்சர், வேண்டாங்கலை. ஆனா அதனால பாடம் நின்னா, அப்புறம் நீங்க வீட்டோட இருந்துக்கிட வேண்டியதுதான்."

அந்தப் பெண்ணைப்போல் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு போகப்போவதாக வீட்டில் சொன்னதும், என் கணவரின் அம்மா, அத்தை, ராட்டையை நிறுத்தினாள்.

"பாசி விக்கவ கணக்கா கட்டிக்கிட்டா தெருவில போவே? ஒன்னை எவ வாத்திச்சின்னு மதிப்பா?"

"அவ பிள்ளை விழலையே அத்தை."

என் கணவர் தறிக்குழிக்குள் இருந்தபடியே சிரித்தார். "வீட்டுக்குள்ள தறியை வச்சுக்கிட்டு இதுக்கு ஏன் சண்டை? எம் மகளுக்கு நான் நெய்யுதேன்."

இரண்டே நாள். பச்சையில் சிவப்புக் கரை, ஐந்து கஜம், ஊசி நுழையாத நெருக்கம். அறுத்து எடுத்து அவர் உதறியபோது பனையோலை போலச் சத்தம் வந்தது. எங்கள் தெருவில் துணிக்கு அழகே அந்த மொடமொடப்புத்தான். வாங்க வருகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், ஓசை கேட்டால் தலையாட்டுவார்கள். அவர் அதை என் தோளில் குறுக்கே போட்டு, முதுகில் சுற்றி, இடுப்பில் முடிந்தார். மகளின் எடைக்குச் சரியாகக் கம்புத் தானியம் கட்டிய ஒரு துணி மூட்டையை உள்ளே வைத்தோம். கூடத்தை இருபது சுற்றுச் சுற்றினேன். முடிச்சு அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் அத்தையிடம். "யானைக் குட்டியையே வைக்கலாம்."

மூட்டையை எடுத்துவிட்டு மகளை வைத்தோம். கம்பு உதைக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. இரண்டு முறை காலை உந்தினாள். முடிச்சு மெல்ல, ஓசையில்லாமல், பாம்பு ஊர்வதுபோல் நழுவியது. என் கை அடியில் இருந்ததால் பிடித்துவிட்டேன். அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

"முடிச்சு சரியில்லை," என்று இறுக்கிப் போட்டார். மறுபடியும் நழுவியது. மகளை வெளியே எடுத்தேன். தொடையில் துணி விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு.

"முடிச்சு இல்லை. துணிதான்," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பத்து வயதிலிருந்து நெய்கிறவர். முடிச்சு இருந்த இடத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கை வெளுத்தது. நெய்யுமுன் பாவு நூல் விறைக்கப் போட்ட கஞ்சி; அந்த வழுவழுப்பில்தான் முடிச்சு நிற்கவில்லை.

"விக்கதுக்கு நெய்யுத மாதிரியே நெய்துட்டேன் ஏட்டி," என்றார் மெதுவாக.

அன்றே துணியை வெந்நீரில் ஊறப்போட்டு, சவக்காரம் தேய்த்துக் கல்லில் அடித்தேன். மறுநாளும் அடித்தேன். துவைத்தது போதாது, உடம்பில் கிடந்து பழக வேண்டும் என்று அவர் அதைத் தலையில் கட்டினார், இடுப்பில் சுற்றினார், போர்த்திக்கொண்டு தூங்கினார். எதிர்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன வே, நெய்த துணி விலை போகலியா? நீரே சுத்திக்கிட்டு அலையுதீரு!"

"இது விக்கதுக்கு இல்ல வே. பள்ளிக்கூடம் போறதுக்கு."

"இந்த வயசிலயா?"

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை துணியைச் சுண்டினேன். ஓசையே இல்லை. முடிச்சுப் போட்டால் அவிழ்க்கப் பல்லால் இழுக்க வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் பார்த்ததை நினைவுபடுத்திக் கட்டினேன். தவளைபோல் முட்டி இரண்டும் மேலே, முகம் மூடாமல், தாடை நெஞ்சில் அமுங்காமல், உச்சி என் உதட்டுக்கு எட்டும் உயரத்தில். மகள் கூடம் அதிர உதைத்தாள். துணி அவளோடு அசைந்ததே தவிர, நழுவவில்லை. அத்தை வந்து, அவள் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை தெருக்கோடி வரை ஒரு கை அடியில்தான் இருந்தது. கோயில் கோபுரம் தாண்டியதும் கையை எடுத்தேன். திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தேன். நூல் சுற்றும்போது ஊதினாலே அறுந்து போகிற இழைகள் அவை, எத்தனையோ என் விரலில் அறுந்திருக்கின்றன. இப்போது அவையே ஓர் உயிரைத் தாங்கிக்கொண்டு என்னோடு நடந்தன. அவள் மூச்சு என் தொண்டைக்குழியில் சூடாகப் பட்டுப்பட்டுப் போயிற்று. ஓடையில் இரண்டு கையையும் ஊன்றி ஏறினேன். மேலே வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாள். பருத்திக் காட்டின் நடுவே நின்று, யாரும் இல்லாத தைரியத்தில், "ஏ மக்கா!" என்றேன்.

வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் தலைமையாசிரியரின் குரல் கேட்டது.

"பிள்ளையை வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களா டீச்சர்?"

சுண்ணக்கட்டியோடு திரும்பினேன். பச்சைத் துணிக்கு மேலே தெரிந்த, தூங்குகிற சிறு முகத்தையும் மைப்பொட்டையும் அவர் சற்று நேரம் பார்த்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நடத்துங்க," என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று ஏழாம் வாய்ப்பாடு முழுவதையும் நாற்பது பேரும் ரகசியம்போல ஒப்பித்தார்கள்.