இடது முன்சக்கரத்தின் கசிவு

பழைய ஜீப்புக்கு ஹப் சீல், அதாவது சக்கரக் குடத்திலிருந்து கிரீஸ் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், வாங்க வருகிறவர்கள் அளவை வாயால் சொன்னால் அவளுடைய உதிரிபாகக் கடையில் செல்லாது. கழற்றிய சீலைக் கையில் கொடுக்க வேண்டும். வளையல் பார்ப்பது போல அதைத் துடைத்து, திருப்பி, உள்ளும் புறமும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பாள். அச்சில் உரசும் ரப்பர் உதட்டை நகத்தால் இழுத்துப் பார்ப்பாள். பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவாள்.

கடையின் பின்கதவைத் திறந்தால் கணவனின் பட்டறை. அவள் எடுத்துக் கொடுப்பாள், அவன் மாட்டுவான். கல்யாணமானதிலிருந்து இதுதான் அவர்கள் குடித்தனம். தெருவில் அவர்களுக்கு 'சீலும் கிரீஸும்' என்று பெயர். யார் சீல், யார் கிரீஸ் என்று எவரும் கேட்டதில்லை.

அந்தக் குடித்தனத்தைக் கலைக்க வந்தது அவளுடைய அண்ணனின் ஜீப். அவர் மலைச்சாலையில் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். இடது முன்சக்கரத்தில் கிரீஸ் கசிந்து பிரேக்குக்குள் இறங்கியது. மிதித்தால் ஜீப் சற்று யோசித்துவிட்டுத்தான் நின்றது. புது சீல் போட்டார்கள். கசிந்தது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் கசிந்தது.

சீல் எடுத்ததில் தப்பு என்றான் அவன். மாட்டியதில் தப்பு என்றாள் அவள். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவன் நாலு பேர் எதிரில், இவள் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுடைய பேச்செல்லாம் அலமாரியோடுதான்.

ஜீப் மறுபடியும் ஒழுகிக்கொண்டு வந்தபோது, அதே அளவில் ஒரு சீலை எடுத்துப் பின்கதவருகே வைத்துவிட்டு அலமாரியிடம் சொன்னாள்.

"இதுவும் ஒழுகினா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். திரும்ப வர மாட்டேன்."

"எதுல போவே?" என்றது பட்டறை.

"அந்த ஜீப்புலதான்."

"அதுலதான் பிரேக் இல்லையே."

"எங்கண்ணன் மெதுவாத்தான் ஓட்டும்."

அவள் பெட்டி கட்டிவிட்டாள். அண்ணன் தன் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார். பட்டறையில் கணவன் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை இழுத்து, அச்சை டீசலால் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி இல்லாத வீட்டை நினைத்துக்கொண்டே துடைத்ததால் தேவைக்கு அதிகமாகத் துடைத்தான். துணிக்கு அகப்படாதது நகத்துக்கு அகப்பட்டது. பழைய சீலின் உதடு வருஷக்கணக்காக உரசிய இடத்தில் அச்சைச் சுற்றி ஒரு பள்ளம், தலைமுடி அகலத்துக்கு.

அவனுக்கு விளங்கிவிட்டது. அவள் ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே அளவை எடுத்தாள். அவன் ஒவ்வொரு முறையும் சீலைத் துல்லியமாக அடிவரை இறக்கினான். ஒவ்வொரு புது உதடும் துல்லியமாக அதே பள்ளத்தில் போய் உட்கார்ந்து, கிரீஸுக்கு வழி விட்டது. கொஞ்சம் அரைகுறையாக வேலை செய்திருந்தால் கசிவு என்றோ நின்றிருக்கும்.

"இங்க வந்து உன் நகத்தை வச்சுப் பாரு," என்று கூப்பிட்டான்.

அவள் வந்தாள். குனிந்து அச்சைத் தடவினாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"சீலை ஒரு நூல் வெளிய நிறுத்துங்க. உதடு புது இடத்துல ஓடட்டும்," என்றாள். அலமாரியிடம் அல்ல, அவனிடம்.

"பாக்கிறவன் இவனுக்கு மாட்டத் தெரியலைன்னு சொல்லுவான்."

"சொல்லட்டுமே. எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னப்ப நான் கேட்டுக்கலையா?"

அவன் சீலைக் கையில் எடுத்தான். அதன் ஸ்பிரிங் உள்பக்கம் பார்க்க, உதட்டில் கிரீஸ் தடவி, மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினான். எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறதா என்று அவள் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள்.

அண்ணன் பாரம் ஏற்றி மலை இறங்கி ஏறி வந்தார். சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே காய்ந்த தூசு மட்டும் இருந்தது. அவர் தங்கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சது?"

"பூட்டி வைங்க மச்சான்," என்றான் அவன். "வலது சக்கரத்தை இன்னும் பாக்கல."

அவள் பெட்டியைத் திறந்தாள். புடவைகளுக்கு மேலே மடித்த துணியில் வெர்னியர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வலது சக்கரத்தின் பழைய சீலைக் கழற்றித் தரும்படி கையை நீட்டினாள்.