ஒன்றரைப் பங்கு

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது சாலை கிடையாது. பெயர்ப்பலகை இருந்தது, குடியிருப்போர் சங்கம் இருந்தது, சங்கத்துக்குத் தலைவரும் இருந்தார். சாலை ஒன்றுதான் பாக்கி. அந்த இல்லாத சாலையை நான் ஓசியில் தேய்ப்பதாகத்தான் என்மேல் புகார் வந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிளட்ச்சும் கியரும் எனக்கு ஒத்துவரவில்லை. அவை இரண்டும் இல்லாத சின்ன மின்சாரக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தாம்பரத்தில் நான் பாடம் நடத்திய பள்ளிக்குப் போய்வர அது போதும். சமையலறை ஜன்னல் வழியாக வயரை இறக்கி சார்ஜ் போடுவேன். என் கணவர் முதல்முறை அதில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்து, "இதுக்கு ஹெல்மெட் போடணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மழைக்கு முன் தெருவில் கிராவல் கொட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு பங்கு வசூலிக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்தார். எங்கள் வீடுகள் நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் நெல் விளைவித்த குடும்பம் அவருடையது. நிலத்தை மனைகளாக விற்றபின் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கடைச் சாமான் ஏற்ற ஒரு வெள்ளை வேன்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நாங்கல்லாம் பெட்ரோல் போட சொல்லோ ரோட்டுக்கும் சேத்து வரி கட்டிகினு கீறோம். உங்க வண்டி மட்டும் ஓசில ஓடிகினு கீது. நீங்க கொஞ்சம் கூட குடுக்கறதுதான் நாயம்."

"ரோடு எங்க சார் இருக்கு?" என்றேன்.

"போடத்தானே கேக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். தெருவில் இருந்ததே ஒரு மின்சாரக் கார். நாளைக்கு எல்லாரும் அதற்கு மாறிவிட்டால் நாட்டின் சாலைகள் என்ன ஆவது என்று இன்றே கவலைப்பட ஒரு தலைவர் வாய்த்தது எங்கள் பாக்கியம்.

என் வண்டியை நாலு பேர் சேர்ந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம், சிமென்ட் மூட்டை ஏற்றிய வேனும் தண்ணீர் லாரியும்தானே பள்ளம் போடுகின்றன என்று வாதாடிப் பார்த்தேன்.

"வெயிட் பாத்து வசூல் பண்ணா, ஒல்லியா கீறவங்க கம்மியா தருவேன்னுவாங்க" என்றார். மறுபடி சிரிப்பு.

எல்லாருக்கும் ஒரு பங்கு, எனக்கு ஒன்றரை. கை தூக்கச் சொன்னார்கள். என் கணவரின் கை பாதி உயர்ந்து, என் முகத்தைப் பார்த்ததும் தலையைச் சொறியப் போய்விட்டது.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எரிச்சல் அதிகமானது. காரணம், தலைவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாலையில் ஓடுகிறவர்கள் சாலைக்குக் கொடுக்க வேண்டும்தானே?

சில நாள் கழித்து, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தலைவரின் மனைவி கதவைத் தட்டினார். கையில் கரண்டி.

"அக்கா, உங்க வூட்ல சிலிண்டர் ஸ்பேர் கீதா? மீன் கொழம்பு பாதி கொதில நிக்குது."

"தீர்ந்துடுச்சா?"

"எங்க தீந்துது? எங்க வூட்டுக்காரரு கழட்டி வேன்ல மாட்டிகினு பூட்டாரு."

"வேன்லயா?"

"பின்ன? அது பெட்ரோல பாத்தே ரொம்ப நாளாவுது. கேஸ்லதான் ஓட்றாரு. பேஜார் புடிச்ச வண்டிக்கா. அடுப்பு எரியுதோ இல்லியோ, அது ஓடணும்!"

அடுப்புக்கென்று அரசாங்கம் விலை குறைத்துக் கொடுக்கிற சிலிண்டர். வண்டியில் மாட்டினால் போலீஸ் பிடிக்கும். அதில்தான் நாட்டின் சாலைகளைக் காத்துக்கொண்டிருந்தார் எங்கள் தலைவர். எங்கள் வீட்டு ஸ்பேர் சிலிண்டரை நானே உருட்டிக்கொண்டு போய் அவர்கள் அடுப்பில் மாட்டிக் கொடுத்தேன். அன்று வகுப்பில் யாரையும் திட்டவில்லை.

மாலையில் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கத் தலைவரே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்ற காரைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், அந்த ஒன்றரைப் பங்கு மேட்டரு... வேணாம். ஒண்ணே குடுங்க."

"ஏன் சார்? நீங்க சொன்னது நியாயம்தான். பெட்ரோல் போடாத வண்டிக்காரங்க எல்லாரும் ஒன்றரை கட்டிடலாம்."

"எல்லாரும்னா..."

"எல்லாரும்தான் சார்."

என் காரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் நான் ஒன்றரைப் பங்கைக் கொடுத்தேன். தலைவர் எழுந்து, தலைவர் என்ற முறையில் தானும் ஒன்றரைப் பங்கு தருவதாக அறிவித்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை. யாரோ பெருந்தன்மை என்றார்கள். உடனே ஒரு சால்வை கிளம்பிவந்து அவர் தோளில் விழுந்தது. எனக்குச் சால்வை இல்லை. அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். நான்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினேன்.

மழைக்கு முன்பே கிராவல் கொட்டி உருளையும் ஓட்டிவிட்டார்கள். நல்ல சாலை, குறை சொல்ல முடியாது.