நீலச் சாக்பீஸ் வட்டமிட்ட பூனைக்கடி

கடைத்தெரு மூலையில் இருந்த தையல்காரரை எல்லோரும் ‘அரை இஞ்ச்’ என்றுதான் கூப்பிட்டார்கள். யார் சொன்ன அளவையும் நம்பமாட்டார். போன மாதம் தானே எடுத்த அளவையும் நம்பமாட்டார். டேப்பை இன்னொரு டேப்பால் அளந்து பார்ப்பார். கண்ணாடியில் தெரிகிற ஆளின் சட்டை அரை இஞ்ச் கூடுதலோ என்று கண்ணாடிக்குள் கையை விடப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன், துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்து எலி விரட்டும் வீட்டுப் பூனை. ஒரு செவ்வாய்க்கிழமை, அது படுத்திருந்த துணியை அவர் உருவியபோது, கட்டைவிரலுக்குக் கீழே நறுக்கென்று கடித்துவிட்டு மேஜைக்கு அடியில் பதுங்கியது. இரண்டு சொட்டு ரத்தம்.

கை நிறைய ஊசி குத்திய புள்ளிகள். எது பூனை, எது ஊசி என்று நாளைக்குக் குழம்பக் கூடாதல்லவா? நீலச் சாக்பீஸால் கடிவாயைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் அழிந்துவிடுமே என்று கையைக் கழுவவும் இல்லை.

அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூனையைக் கவனிக்க ஆரம்பித்தார். பால் குடித்தது, வழக்கத்தைவிடக் குறைவோ? வாயோரம் ஈரம், பாலா, எச்சிலா? கூப்பிட்டால் திரும்பவில்லை. எந்தப் பூனைதான் திரும்பும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பக்கத்து நாற்காலியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “என்னங்க, பூனைக்கு அளவெடுக்கறீங்களா?”

“சும்மா இரு. அது என்னை ஒரு மாதிரி பாக்குது.”

“நீங்க பாக்கற பார்வைக்கு நானா இருந்தா கடிச்சே வெச்சிருப்பேன்.”

அவர் குனிந்து பூனையின் வாயோரத்தை மறுபடியும் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையில் பூனையைக் காணோம். சந்து பொந்தெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? மனைவியிடம் கையை நீட்டினார்.

“அதுக்கு வெறி புடிச்சிருக்குமோ?”

“மூணு நாளா இதையா மறைச்சு வெச்சிருந்தீங்க? பேசாம கெளம்புங்க.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கையைக் கழுவ வைத்தாள். வட்டம் போயிற்று.

“வெறிநோய் வந்துட்டா அப்புறம் காப்பாத்தவே முடியாது ஐயா. கடிச்ச அன்னிக்கே வரணும்.”

“வீட்டுப் பூனைதானேம்மா.”

“வெளிய எங்க போச்சு, எதுகிட்ட கடி வாங்கிச்சுன்னு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?”

மருந்துக் குப்பியை வாங்கிக் காலாவதித் தேதியை மூன்று தடவை படித்த பிறகுதான் தோளைக் காட்டினார். கடிவாயைச் சுற்றியும் ஊசி இறங்கியது.

அடுத்தடுத்த ஊசித் தேதிகளை அட்டையில் எழுதியபடியே நர்ஸ் கேட்டாள்: “வீட்டுல வேற யாரையாவது கடிச்சுதா, கீறிச்சா?”

“இல்ல,” என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாக. வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அரை இஞ்ச் மெல்லத் திரும்பினார். “காலைக் காட்டு.”

“கடிக்கலைங்க. முந்தாநாள் லேசா நகம் பட்டுச்சு, அவ்வளவுதான்.”

கணுக்காலில் மெல்லிய சிவப்புக் கோடு.

“பூனை நகத்தை நக்கிக்கிட்டே இருக்கும்மா,” என்றாள் நர்ஸ். “எச்சில் அதுலயும் இருக்கும். கீறலையும் விடக் கூடாது. போய்க் கழுவுங்க.”

“எனக்கு ஊசின்னா பயம் சிஸ்டர்.”

“நாள் பூரா ஊசியோட உக்காந்திருக்கறவ பேசற பேச்சா இது?” என்று அவரே அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். சோப்பை எடுத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. குழாயை மூட விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.