முரசுமோட்டையில் நின்ற பஸ்ஸும் ஒரு சதி நாவலும்

போன வருஷம் மாசி மாதம். கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வாசித்துக்கொண்டிருந்தேன். உலகமெல்லாம் விற்றுத் தீர்ந்த புத்தகம் என்று சிநேகிதி கொழும்பில் இருந்து அனுப்பியது. ஒரு தீவையே அழித்த கடல் அலை தானாக வரவில்லை, கடலுக்கடியில் குண்டு வைத்து யாரோ வரவழைத்தது என்று ஒரு பெண் விஞ்ஞானி கண்டுபிடிக்கிறாள். அன்றிலிருந்து அவளைக் கொல்லத் துரத்துகிறார்கள். கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டேன்.

முரசுமோட்டை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எஞ்சினில் ஏதோ பெல்ற் அறுந்துபோச்சாம், பரந்தனில் இருந்து ஆள் வரவேணுமாம். எல்லோரும் இறங்கினார்கள். நான் வாசித்தபடியே இறங்கி, படியில் தடுக்கி விழப் பார்த்தேன். பின்னால் வந்த அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டா.

"அப்பிடி என்ன கிடக்கு அதுக்குள்ள?"

அவாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. கிளிநொச்சிச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு வெறும் பெட்டியோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தா. நான் கதையைச் சொல்லச் சொல்ல அவாவின் கண் விரிந்தது. "உரத்து வாசியுங்கோவன் தங்கச்சி, நானும் கேக்கிறன்" என்றா.

மர நிழலில் நின்று வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் சுற்றிவரக் கூட்டம். சைக்கிளில் போன ஒருவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். உடுப்பு மூட்டையோடு வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், "குண்டு வெச்சது அந்த அமைச்சர்தான், பாருங்க" என்று அடித்துச் சொன்னார். "சும்மா இருங்கோ, அவளின்ரை புருசன்தான்" என்று அக்கா சண்டைக்குப் போனா. பஸ் சரிவந்துவிட்டது என்று சாரதி கோர்ன் அடித்தபோது ஒருவரும் அசையவில்லை. "அந்தப் பக்கத்தை முடிச்சிட்டு ஏறுங்கோ" என்று கொண்டக்டரே சொன்னார்!

ஓடுகிற பஸ்ஸிலும் விடவில்லை. தொண்டை வறள வறள வாசித்தேன். அவளுக்கு உதவி செய்துகொண்டிருந்த பேராசிரியர்தான் குற்றவாளி என்று வந்ததும் பஸ்ஸே கத்தியது.

அக்கா மட்டும் கத்தவில்லை. சத்தம் அடங்கியபிறகு மெல்லக் கேட்டா.

"உண்மையா ஆரும் அப்பிடிச் செய்திருப்பினமோ?"

'உண்மைகளைத் தழுவியது' என்று புத்தகத்தின் அட்டையில் போட்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவாவின் முகத்தைப் பார்த்ததும், "இல்லையக்கா, கற்பனைதான்" என்றேன்.

"என்ரை ரெண்டு பிள்ளையளும் சுனாமியோட போனதுகள். ஆரும் செய்ததெண்டால் நல்லா இருந்திருக்கும் தங்கச்சி. அவனைப் பிடிச்சுத் திட்டலாம். கடலை என்னண்டு திட்டுறது? எங்கட அவர் நாளைக்கும் அதிலதானே தொழிலுக்குப் போகவேணும்."

இவ்வளவு நேரமும் என்னைக் குதூகலப்படுத்திய புத்தகத்தின்மேல் கோபம் வந்தது. இவாவின் பிள்ளைகளைக் கொண்டுபோன அலையை அதை எழுதியவன் ஒரு விளையாட்டுச் சாமானாக்கிவிட்டானே என்று இருந்தது. பைக்குள் வைக்கப் போனேன். அவா தடுத்தா.

"அதை எனக்குத் தாறீங்களோ? முதல்ல இருந்து வாசிக்கவேணும். சரியான விறுவிறுப்பு!"

என் தொலைபேசி இலக்கத்தை எழுதிப் புத்தகத்தைக் கொடுத்தேன். அடுத்த கிழமை அழைப்பு வந்தது. "முழுப் பொய் தங்கச்சி. ஆனா கீழ வைக்க மனம் வரேல்லை. அந்த ஆள் அடுத்த புத்தகம் எப்ப எழுதுவானாம்?" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சதிக் கதை என்றால் எனக்கு இன்றைக்கும் பைத்தியம்தான். ஆனால் கடைசிப் பக்கத்தில் குற்றவாளி பிடிபடும்போதெல்லாம், குற்றம் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் திரும்பவும் அதே கடலோடு வாழப் பழகிக்கொண்டவர்களின் மனபலம்தான் என்னைப் பெரிதாக ஆச்சரியப்படுத்துகிறது.