கம்ப்யூட்டரை வாயடைக்கச் சொன்னேன்

அருப்புக்கோட்டை ரங்கராஜை இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் இப்போது ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். "லினக்ஸு போடுறேன்னு வந்து கம்ப்யூட்டரக் கெடுத்தானே, அவன்தான?" அதில் பாதிக்கு மேல் பொய். அந்தப் பொய்யை மறுக்காமல் ஓடவிட்டவள் நான். அதனால் ரங்கராஜைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கடமை இருக்கிறது.

என் பெயர் முருகேஸ்வரி. திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கலெக்டருக்கு மனு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எது வேண்டுமானாலும் செய்வேன். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

ரங்கராஜ் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பாலிடெக்னிக் முடித்து மதுரையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தவன், கொரோனாவில் கம்பெனி மூடியதும் ஊர் திரும்பினான். அப்போது எங்கள் கடைகள் எல்லாவற்றிலும் காசு கொடுக்காத விண்டோஸ்தான். ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் வந்து குத்தும். வாரத்துக்கு ஒரு வைரஸ், மாதத்துக்கு ஒரு ஃபார்மட். கஸ்டமர் முன்னால் அசடு வழிந்துகொண்டு நிற்போம். இதைப் பார்த்துத்தான் அவன் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினான்.

லினக்ஸை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னான். "அப்ப யாரு வேணாலும் கெடுக்கவும் செய்யலாமா தம்பி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "செய்யலாம்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றான்.

அவன் வேலை செய்த விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. போட்டுக் கொடுத்துவிட்டுப் போகமாட்டான். ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க நம் கையைப் பார்ப்பான். மவுஸ் எங்கே தயங்கி நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்வான். மறுநாள் வரும்போது அந்த இடம் மாறியிருக்கும். காரியாபட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், திரையில் திறந்திருக்கும் விண்டோவை மினிமைஸ் பண்ணினால் ஃபைல் அழிந்துபோச்சு என்று பதறுவாராம். அவருக்காக அந்தப் பட்டனையே எடுத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் கடை சாத்தும்போது கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்துகிறவர்கள் யாரும் கிடையாது. ஃபேனோடு லைட்டோடு சேர்த்து மெயினை இறக்கிவிட்டுப் பூட்டைப் போடுவோம். மற்ற சர்வீஸ்காரர்கள் இதற்காக எங்களைத் திட்டுவார்கள். ரங்கராஜ் திட்டவில்லை.

"இவுக மெயின எறக்கிட்டுத்தான் போவாக. திருத்த வேண்டியது இவுகள இல்ல, மிஷின" என்று சொல்லி, அடிக்கிறதெல்லாம் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சேவ் ஆகும்படி செய்தான்.

எனக்காக மட்டும் பதினோரு நாள் வந்தான். என் கைக்குப் பழகிய தட்டச்சுப் பலகை லினக்ஸில் இருந்தது, ஆனால் நாலைந்து எழுத்து இடம் மாறியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக நான் அடிக்க, அவன் மாற்றினான். மெனுவில் இருந்த தமிழ் எனக்குப் புரியவில்லை. "கோப்பு", "அடைவு" என்று இருந்ததை "ஃபைல்", "ஃபோல்டர்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினான். இதற்காக இன்டர்நெட்டில் தமிழாக்கம் செய்கிறவர்கள் அவனைக் காய்ச்சி எடுத்தார்களாம். "வீட்ல தெலுங்கு பேசுறவன் தமிழக் கெடுக்கிறான்னு ஒருத்தர் எழுதியிருக்கார்க்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த மெனுவுக்குப் போனான். எனக்குத்தான் கோபம் வந்தது.

இரண்டு வருஷத்தில் பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரை முப்பத்தொரு கடைகளில் அவன் போட்ட லினக்ஸ் ஓடியது. வைரஸ் என்ற பேச்சே இல்லை. சர்வீஸுக்கு வாங்கியது சொற்பம். கல்யாணம்கூட அந்தக் காலத்தில்தான் நடந்தது, பத்திரிகை என் கடையில்தான் அடித்தோம்.

அந்த வருஷம் கார்த்திகையில் கோட்டைச்சாமி அண்ணன் வந்தார். முன்பு காடுகரையில் கூலி வேலை, இப்போது மில்லில் வாட்ச்மேன். மனைவி ஆவுடைத்தாய் மஞ்சள்காமாலையில் இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போஸ்டர் வேண்டும். படம் கேட்டேன். ஆதார் கார்டை நீட்டினார், உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். "இதுல இருக்கிறது அவ இல்ல தாயி" என்றார். கடைசியில் அவருடைய அக்கா மகன் போனில் ஒரு படம் கிடைத்தது, யாரோ வீட்டு விசேஷத்தில் எட்டுப் பேருக்கு நடுவில் அந்த அம்மாள் நிற்பது. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த அம்மாளை மட்டும் பிரித்தெடுத்தேன். அண்ணன் இரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்தார். படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவதான்" என்றார். பெரிதாகப் பிரேம் போட வசதியில்லை. வருஷாந்திரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன், படம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே எல்லோரும் அப்படித்தான். செத்தவர்கள் படமெல்லாம் டி.டி.பி. கடையில் இருக்கும், வருஷம் திரும்பும்போது வந்து கேட்பார்கள்.

தை மாதம் பத்திரிகை சீசன். அப்போதுதான் அந்தப் பெட்டிகள் என் உயிரை வாங்கின. திரை ஓரத்தில் திடீர் திடீரென்று ஒரு பெட்டி முளைக்கும், ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். அப்டேட் இருக்கிறது என்று ஒன்று, பிரிண்டர் தூங்குகிறது என்று ஒன்று. ஒருநாள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெட்டி வந்தது. "என்னம்மா, வைரஸா?" என்றார். பென்டிரைவை உருவிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார். ஐந்நூறு பத்திரிகை போச்சு.

ரங்கராஜுக்குப் போன் போட்டேன். மனதில் வந்ததையெல்லாம் பேசினேன். மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

"அக்கா, பெட்டி வாரது தப்பில்ல. இங்கிலீசுல வாரதுதான் தப்பு. ஒரு மாசம் பொறுங்க, எல்லாத்தையும் நம்ம தமிழ்ல மாத்திப்புடுறேன். தேவையில்லாதது வராது, தேவையானது மட்டும் வரும்."

"ஒரு மாசத்துல சீசனு முடிஞ்சிரும் தம்பி. எனக்கு ஒரு பெட்டியும் வரக் கூடாது. இன்னைக்கே அத வாயடைச்சுட்டுப் போ. இல்லேன்னா பழையபடி விண்டோஸப் போட்டுக் குடுத்துட்டுப் போ."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினான். போகும்போது, "வாரம் ஒருவாட்டி எல்லாத்தையும் வேற எடத்துல காப்பி எடுத்து வைங்கக்கா" என்று மட்டும் சொன்னான். எடுத்து வைத்தேன், பத்திரிகைகளை. அஞ்சலி ஃபோல்டரை எடுக்கவில்லை. போஸ்டர் ஒட்டியாச்சு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

திரை சுத்தமாக இருந்தது. எனக்கு ஏக சந்தோஷம். நானே மற்ற கடைக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர்களும் அவனை நெருக்கினார்கள். முப்பத்தொரு கடையிலும் பெட்டிகள் நின்றன.

சித்திரை வெயிலில் ஒருநாள் என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ரங்கராஜ் அதைக் கழற்றிக்கொண்டு போய் நான்கு நாள் போராடினான். மதுரைக்கும் கொண்டுபோனான். ஒரு பகுதிதான் திறந்தது. அதில் படம் எதுவும் இல்லை, கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிவைத்திருந்த குறிப்புகள்தான் இருந்தன. அவற்றை என் கடைக்கு எடுத்துவந்து காட்டினான். மாசி மாதத்திலிருந்து அறுபத்துமூன்று நாள், தினமும் காலையில், இந்த டிஸ்க் சீக்கிரம் பழுதாகும் என்று அது எழுதியிருந்தது. தினமும் அதைத் திரையில் காட்டவும் பார்த்திருக்கிறது. காட்டுவதற்கு வழியை நாங்கள் அடைத்துவைத்திருந்தோம்.

"என் தப்புக்கா. எல்லாத்தையும் நிப்பாட்டிருக்கக் கூடாது. இது ஒண்ண விட்டுருக்கணும்" என்றான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லித்தானே செய்தாய் என்று சொல்லியிருக்கலாம். பத்திரிகை வேலையெல்லாம் காப்பி இருந்ததால் எனக்கு நஷ்டம் பெரிதாக இல்லை, ஆனாலும் பழியைச் சுமக்க ஒரு ஆள் தானாக வந்து நிற்கும்போது எனக்கு அது வசதியாக இருந்தது. அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

விஷயம் மற்ற கடைகளுக்குப் போனது. எப்படிப் போனது என்றால், "முருகேஸ்வரி கடையில லினக்ஸு படத்தையெல்லாம் தின்னுருச்சு" என்று போனது. என்னைக் கேட்டவர்களிடம், "ஆமா, எல்லாம் போச்சு" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். ரங்கராஜ் ஒவ்வொரு கடையாக ஏறி, டிஸ்க் எச்சரிக்கையை மட்டும் தமிழில் எழுதித் திரும்பப் போட்டுவந்தான். பல கடைகளில் அவனை உள்ளேயே விடவில்லை. ஆவணிக்குள் இருபத்தாறு கடைகள் பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிட்டன. அவன் மனைவி சுபலட்சுமி அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அவன் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான். கைரேகை வைக்கும் மிஷினில் வருகைப் பதிவு பார்க்கிற வேலை.

போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டான். "கோட்டைச்சாமி அண்ணன் வருசாந்திரத்துக்கு வருவார்ல, வந்தா எனக்கு ஒரு போன் போடுங்கக்கா. நானே அவர்ட்டச் சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்."

அஞ்சலிப் படம் தொலைந்த மற்ற வீட்டுக்காரர்களிடம் ஏதாவது ஒரு படம் இருந்தது, சமாளித்தோம். கோட்டைச்சாமியிடம் மட்டும் இல்லை. அக்கா மகன் திருப்பூரில் போனைத் தொலைத்திருந்தான். போன வருஷத்துப் போஸ்டரைத் தேடி ஊர்ச் சுவரெல்லாம் பார்த்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு என்ன இருக்கும்?

கார்த்திகையில் அவர் வந்தார். புதுவேட்டி கட்டி, பிரேம் போடுவதற்குச் சேர்த்துவைத்த காசோடு வந்தார். ரங்கராஜுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் மில் அடையாள அட்டை கழுத்தில் தொங்க வண்டியில் வந்து இறங்கினான். அவர் முன்னால் நின்று, படம் போய்விட்டது, போகப்போகிறது என்று மிஷின் முன்கூட்டியே சொல்லப் பார்த்தது, அதைச் சொல்லவிடாமல் நான்தான் தடுத்துவைத்தேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லண்ணே. தம்பி வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கத்தி அடைக்கச் சொன்னேன். உங்க படத்த வேற எடத்துல எடுத்து வைக்காததும் நான்தான்."

ஏழு மாதமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது இது. ரங்கராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தான். மற்ற முப்பது கடைக்காரர்கள் கேட்டிருக்க வேண்டிய வார்த்தையை, கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லாத ஒரு மனிதரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதே தெரிந்தது.

கோட்டைச்சாமி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "யாரு சொல்லி யாரு செஞ்சா என்ன தாயி. மிஷினும் போச்சு, அவளும் போயிட்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு இப்பக் கண்ண மூடுனா ஆசுபத்திரில கெடந்த மொகந்தான் வருது. மஞ்சளா, வீங்கிப்போயி. நீ ரெண்டு நாளு அவ மொகத்த இம்புட்டுப் பெருசா வச்சு வேல பாத்தியே. நல்லா இருக்கையில எப்படி இருந்தா, நீ சொல்லு. கேட்டுக்கிறேன்."

நான் யோசித்தேன். தோளை ஒட்டி நின்ற இன்னொரு பெண்ணை அழித்தது ஞாபகம் இருந்தது. புடவையின் நிறத்தைக் கூட்டியது ஞாபகம் இருந்தது. காதோரத்து முடியை வெட்டாமல் விட அரை நாள் ஆனது ஞாபகம் இருந்தது. முகம் வரவில்லை. எத்தனையோ முகங்களைத் திருத்தியிருக்கிறேன், ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். வெறும் கையோடு அனுப்ப மனம் வராமல் வாயைத் திறந்தேன்.

"சிரிச்ச மொகம்ணே. எடது மூக்குல மூக்குத்தி, சின்னதா, பளிச்சுன்னு…"

"அவ மூக்கு குத்துனதில்ல தாயி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பிரேமுக்குள் வைக்க ஆவுடைத்தாய் என்ற பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு அடித்துத் தரச் சொன்னார்.