ஜன்னலோரக் கட்டிலின் நேரம்

கிரேன் ஓட்டும் ஜெயசீலன் சவுதி எல்லையை ஒட்டிய அமீரகத் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் இருக்கிறார். ஜன்னலோரக் கட்டிலில் அவருடைய போன் சவுதி டவரைப் பிடித்து, ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். அதே ரூமில் கதவோரக் கட்டிலில் இருக்கும் மாயாண்டியின் போன் அமீரக நேரம் காட்டும்.

எது சரியான நேரம் என்ற தகராறு முற்றியதால், மாயாண்டியின் சுவர்க் கடிகாரமே பொது நேரம் என்று ரூமில் எல்லோரும் முடிவெடுத்தார்கள். ஜெயசீலன் மட்டும் மசியவில்லை. "என் கட்டில்ல என் நேரம்ணே!"

ஞாயிறு அமீரக நேரம் காலை ஒன்பது மணிக்குத் தேனியிலிருந்து பெண் வீட்டார் வீடியோ காலில் அவரைப் பார்ப்பதாக ஏற்பாடு. முப்பத்தாறு வயதில் ஐந்தாவது வரன். அழைப்பு வந்தபோது அவர் போனில் மணி எட்டுதான். வாய் நிறைய பற்பசை நுரையோடு எடுத்தார். திரையில் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் பத்துப் பேர்.

"டேய் சீலா, அந்தக் கட்டில விட்டு இந்தப் பக்கம் ஓடியா! இங்கதான்டா ஒன்பது!" என்று கதவோரத்திலிருந்து மாயாண்டி அலறினார்.

மணப்பெண் பானுப்பிரியாதான் முதலில் சிரித்தாள்.

"பல்லு விளக்குறாருப்பா. எனக்குச் சம்மதம். அந்தக் கட்டில மட்டும் மாத்திப் போடச் சொல்லுங்க."

அன்று மதியமே ஜெயசீலன் கதவோரம் குடியேறினார். ஜன்னலோரத்தில் இப்போது மாயாண்டி, ஒரு மணி நேரம் கூடுதல் குறட்டையோடு.